பாசி புடிக்கிறதுக்கு முன்னாடி நடக்குற கதை

கடல்ல கொஞ்ச நாள் கெடந்த கயிறு, மிதவை, பிளாஸ்டிக் பாட்டில், எத எடுத்து தொட்டாலும் வழவழன்னு இருக்கும். பாசி புடிச்சிருச்சுன்னு சொல்லிட்டு போயிடுவோம். நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன், மைக்ராஸ்கோப் ஸ்லைடுகள கயித்துல கட்டி கடல் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு பாக்குற வரைக்கும்.

மொத தடவ ரெண்டு வாரம் விட்டுட்டு எடுத்தேன். தப்பு. டயட்டம்ங்கிற நுண்பாசி, பாக்டீரியா, சேறு எல்லாம் ஒண்ணா அப்பிக் கெடந்துச்சு, நிரம்பி வழியுற பஸ்ஸ பாத்து இதுல மொதல்ல ஏறினது யாருன்னு கேட்டா எப்படி சொல்றது? அதனால அடுத்த தடவ சில மணி நேரத்துக்கு ஒரு ஸ்லைடுன்னு எடுத்து, கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டு பாத்தேன். ஆரம்பத்துல எடுத்ததுல அங்கங்க சில ஊதா புள்ளிங்க, அதாவது சாயம் ஏறின பாக்டீரியா, அவ்வளவுதான், ஆனா எனக்கு அதுதான் முக்கியம்.

அந்த புள்ளிங்களும் உண்மையில வெறும் கண்ணாடி மேல உக்காரல. ஸ்லைடு நனைஞ்ச சில நிமிஷத்துலயே தண்ணில கரைஞ்சிருக்குற புரதம், சர்க்கரைப் பொருள் எல்லாம் மெல்லிசா படிஞ்சிடுது, கண்டிஷனிங் ஃபிலிம்னு பேரு, பாக்டீரியா வந்து தொடுறது அதத்தான். 1 மில்லி கடல் தண்ணில சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும், அதுல பல வந்து தொட்டுட்டு திரும்பப் போயிடும், சிலது மட்டும் தங்கும். ஏன் தங்கணும்? தண்ணில சத்து ரொம்ப கம்மி, பரப்புல அது வந்து சேருது. குளோட் ஸோபெல்ங்கிற கடல் நுண்ணுயிரியலாளர் 1943-லயே இதப் பத்தி எழுதிட்டார், இன்னைக்கும் படிக்க அவ்வளவு தெளிவா இருக்கு.

தங்க முடிவு பண்ணின பல பாக்டீரியாவுல சைக்ளிக் டை ஜிஎம்பி-ங்கிற சின்ன மூலக்கூறு செல்லுக்குள்ள கூடும், நீந்துறது நிக்கும், பிசின் மாதிரி ஒண்ண சுரக்க ஆரம்பிக்கும். நாம தொட்டுப் பாக்குற வழவழப்புல பெரும்பங்கு அந்த பிசின்தான். ரோசியோபாக்டர்ங்கிற பாக்டீரியா கூட்டம் பல எடத்துல சீக்கிரமே வந்துடுது. கண்ணாடியா பிளாஸ்டிக்காங்கிற வித்தியாசம் ஆரம்ப நாள்ல தெரியும், போகப்போக பெரும்பாலும் மங்கிடும். இப்படி சேர்ந்த பாக்டீரியா படலம் தடிக்கும்போது மேல இருக்கறதுங்க ஆக்சிஜன தின்னு தீத்துடும், அடியில ஆக்சிஜனே வேண்டாம, சல்ஃபேட்ட வச்சு சுவாசிக்கிற பாக்டீரியா குடியேறும், இரும்பு அரிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது இதுக்கு அப்புறம் நடக்குறதுதான். ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸ்னு ஒரு குழாய்ப்புழு, அதோட குட்டி லார்வா சுத்தமான பரப்புல பொதுவா உக்காராது, பாக்டீரியா படலம் இருந்தாத்தான் உக்காந்து உருமாறும். சூடோஆல்டெரோமோனாஸ் லூட்டியோவயலேசியாங்கிற பாக்டீரியா, வைரஸோட வால் மாதிரி சுருங்கி பாயுற நுண்ணிய ஊசிகள கொத்துக்கொத்தா செஞ்சு வெளிய விடுது, அதுதான் லார்வாவ உருமாற வைக்குதுன்னு 2014-ல கண்டுபிடிச்சாங்க. வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர், ஒரு புழுவுக்கு நீ இங்கயே வளந்துக்கோன்னு சொல்லுது!

கப்பலடியில கொட்டலசு (ஓடு மூடின, ஒட்டி வாழுற கடலுயிர்) ஒட்டாம இருக்க முன்ன டிரைபியூட்டைல் டின்ங்கிற நச்சு கலந்த பெயின்ட் அடிச்சாங்க, நத்தைங்கள எல்லாம் கெடுத்ததால 2008-ல அதத் தடை பண்ற உலக ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு. இப்ப நெறைய தாமிரம் கலந்த பெயின்ட். அதுலயும் தாமிரத்தத் தாங்குற பாக்டீரியாவும் டயட்டமும் வந்து படலம் போட்டுடுது, அந்த மெல்லிசு வழவழப்பே கப்பல இழுத்துப் புடிச்சு எரிபொருள் செலவ ஏத்துது. அடுத்த தடவ ஸ்லைடு பக்கத்துல ஒரு தாமிரத் தகடும் கட்டி விடப் போறேன், அதுல மொத புள்ளி எப்ப வருதுன்னு பாக்கணும்.