துர்கானா ஏரிக்கரையின் கல்தூண்கள்

கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில், லோத்தகம் வடக்கு என்னும் இடத்தில், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த மக்கள், ஏறத்தாழ 30 மீட்டர் விட்டமுள்ள மேடையொன்றை அமைத்து, அதன் நடுவிலிருந்த பெருங்குழியில் தலைமுறை தலைமுறையாகக் குறைந்தது 580 பேரை அடக்கம் செய்து, குழி நிறைந்தபின் அதை மூடி மேலே கல்தூண்களை நிறுத்தினர். அரசனோ நிலையான ஊரோ இல்லாதவர்களுக்கு இத்தனை உழைப்பு எதற்கு? மழை குறைந்து ஏரி சுருங்கிய காலம் அது. மேய்ச்சலுக்காகச் சிதறிய குடும்பங்கள் மீண்டும் கூடவும், செய்தி பகிரவும், இடர்க்காலத்தில் உரிமையோடு உதவி கேட்கவும் மாறாத ஓரிடம் வேண்டியிருந்தது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆட்கள் குறைவாக இருந்ததனாலேயே அந்தத் தேவை பெரிதாயிற்று. பெரும் சின்னம் என்றாலே அதிகாரத்தைத் தேடுவது நம் வழக்கம். இங்கோ குழந்தைகள் முதல் முதியோர் வரை, ஆண் பெண் வேறுபாடின்றி, ஏறக்குறைய அனைவரும் மணிகளும் அணிகலன்களும் பூண்டே புதைக்கப்பட்டிருக்கின்றனர்.