பிராண்ட் பெயர் இல்லாத கார்பன் சைக்கிள் ஃபிரேமைக் கட்டி ஓட்டிய அனுபவம்

சீனாவிலிருந்து நேரடியாக வரும் கார்பன் ஃபிரேமை நம்பி வாங்கலாமா என்று பினாங்கில் என்கூட சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் பெட்டி வந்த அன்றே பாகங்களைப் பூட்ட உட்காராதீர்கள்.

ஆர்டர் செய்யும்போது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். மிதிகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட், திருகு மரை உள்ளதாக, பிஎஸ்ஏ எனும் வழக்கமான மரை வகையில் 68 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும். மலிவு ஃபிரேமில் அளவு பிசகினால் பெரும்பாலும் பேரிங் உட்காரும் இடத்தில்தான் பிசகும். மரை இல்லாமல் பேரிங்கை அழுத்திச் செருகும் வகை என்றால், குழி இம்மியளவு கோணினாலும், ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் கிரீச் சத்தம் கூடவே வரும். மரைக்கு உள்ளே உலோக உருளை இருப்பதால் எடை கொஞ்சம் கூடும். கூடட்டும், நான் என்ன பந்தயத்துக்கா போகிறேன்?

ஃபிரேமும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் சேர்த்து இரண்டாயிரம் மலேசிய வெள்ளிக்குள் முடிந்தது. பட்டர்வொர்த்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் எடையே போடவில்லை. கைப்பேசியில் மாட்டும் குட்டிக் கேமராவை பாட்டம் பிராக்கெட் துளை வழியாக உள்ளே விட்டு, குழாய்கள் சேரும் மூலைகளில் கார்பன் துணி மடிந்து சுருங்கியிருக்கிறதா என்று தேடினார். "வெளியே பெயிண்ட் அடிச்சு எதையும் மறைச்சிடுவான் தம்பி. உள்ளே எவன் அடிக்கப் போறான்?" ஓரிடத்தில், ஃபிரேமை வார்க்கும் அச்சுக்குள் ஊதவைக்கும் பிளாஸ்டிக் பையின் கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி சுவர் வழவழப்பு.

அப்புறம் நூல். ஃபிரேமின் முன்முனைக் குழாயான ஹெட் டியூபைச் சுற்றி, பின்சக்கர அச்சு பிடிக்கும் இடம்வரை இருபக்கமும் இழுத்துக் கட்டி, நூலுக்கும் இருக்கைக்குக் கீழே உள்ள சீட் டியூபுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு, அதாவது ஃபிரேம் கோணவில்லை. அங்கேயே எனக்குப் பாதி நிம்மதி.

வம்பு வந்தது பின் பிரேக்கில். டிஸ்க் தகட்டைக் கவ்வும் காலிப்பர் உட்காரும் பரப்பில் பெயிண்ட் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. எப்படி நகர்த்தினாலும் டிஸ்க் ஒரு பக்கம் உரசியது. அண்ணன் தட்டையான பலகைத் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி, கார்பனைத் தொடாமல் பெயிண்டை மட்டும் தேய்த்தார். நாலு தேய், ஒரு பார்வை. மறுபடி நாலு தேய். பெயிண்ட் தூள் நின்றதும் காலிப்பர் அசையாமல் உட்கார்ந்தது. விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "இது சாதாரணம்தான்" என்று பதில் வந்தது. அவருக்கு என்ன, சாதாரணம்தான்!

மற்ற வேலைகள் வழக்கம்போல. ஃபோர்க் தண்டை வெட்டும்போது முகக்கவசமும் ஈரத்துணியும் கட்டாயம், கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பாட்டம் பிராக்கெட்டின் வலப்பக்கப் பேரிங் கப் இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும். இருக்கையைத் தாங்கும் கார்பன் சீட் போஸ்டுக்கு கிரீஸ் வேண்டாம், நறநறவென்றிருக்கும் கார்பன் பேஸ்ட்தான். அதைப் பிடிக்கும் கிளாம்பில் 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அதோடு நிறுத்துங்கள்.

சோதித்துப் பார்க்க தெலுக் பகாங் அணையைத் தாண்டி தித்தி கெராவாங் பக்கம் ஏறினேன். எழுந்து நின்று மிதித்தும் அடியில் சத்தமில்லை, டிஸ்க் உரசவில்லை. பாலிக் பூலாவ் இறக்கத்து வளைவுகளில் பிரேக்கை அழுத்தியபோது முன்பக்கம் நடுங்கவில்லை. விலை உயர்ந்த ஃபிரேமோடு ஒப்பிட்டால் விறைப்பில் வித்தியாசம் என் காலுக்குத் தெரியவில்லை. உண்மையில், 25 மில்லிமீட்டர் அகல டயரைக் கழற்றி 28 போட்டுக் காற்றைக் குறைத்தபோது கிடைத்த சுகம் எந்த ஃபிரேமும் எனக்குத் தந்ததில்லை.

அண்ணனின் கூலி, பேஸ்ட், ரெஞ்ச் எல்லாம் சேர்த்தும் பிராண்ட் ஃபிரேம் விலையில் பாதிகூட வரவில்லை. உத்தரவாதமும் உண்டு, காகிதத்தில். உடைந்தால் பெட்டி கட்டிச் சீனாவுக்குத் திருப்பி அனுப்பும் செலவு நம் தலையில்தான். அந்தத் தொகையை இப்போதே ஒதுக்கி வைத்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.