கணக்கு சரி, கொலையாளி தவறு

மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த மடாலய மர்ம நாவலில் நேற்று இரவு கொலையாளி பிடிபட்டான். நான் பிடித்தவன் இல்லை. என் நோட்டில் 140-ஆம் பக்கத்துக்கு நேராக வேறொருவரைப் பெட்டி போட்டு, அடியில் இரட்டைக் கோடும் இழுத்து வைத்திருக்கிறேன். தோற்றதுகூடப் பரவாயில்லை. கணக்கைச் சரியாகப் போட்டதால் தோற்றேன், அதுதான் ஆறவில்லை. முடிவைப் போட்டு உடைக்கப்போவதால் புத்தகத்தின் பெயரைச் சொல்லவில்லை.

களம் இங்கிலாந்து, 1174. கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்டு மூன்றரை வருஷம் ஆகிறது. அவர் சாவுக்குப் பரிகாரமாக மன்னர் இரண்டாம் ஹென்றி வெறுங்காலோடு கேன்டர்பரிக்குப் போய்த் துறவிகளிடம் கசையடி வாங்கிக்கொண்டது அந்த ஜூலையில்தான். யாத்திரைப் பாதையில் ஒரு பெனடிக்டின் மடம், அதாவது புனித பெனடிக்டின் விதிப்படி வாழும் துறவிகளின் மடம். நூல் படியெடுக்கும் அறையில் முதிய துறவி ஒருவர் செத்துக் கிடக்கிறார். கையருகே மெழுகுப் பலகை, அதில் ரோமன் எண்ணில் 54. கடைசியில் பட்டியலில் மிஞ்சுவது இரண்டு பேர்: வழியில் வந்து தங்கிய அந்நிய வீரன், இறந்தவரோடு முப்பது வருஷம் ஒரே அறையில் எழுதிய நூலகத் துறவி.

அந்த 54-உடன் நான் நாலு மாலைப் பொழுது மல்லுக்கட்டினேன். மடத்தில் எண் என்றால் சங்கீதம், அதாவது வேதாகமத்தில் எண்ணிட்டு வரும் துதிப்பாடல், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாருடைய 54? ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த எண்கள் அந்தத் துறவிகளுக்குப் பொருந்தாது. அவர்கள் பாடியது லத்தீன் சங்கீதப் புத்தகம், அது கிரேக்க மொழிபெயர்ப்பின் எண் வரிசையில் போகும். நம் 9-உம் 10-உம் அங்கே சேர்ந்து ஒரே 9. அங்கிருந்து நூற்றுக்கு மேல் போகும்வரை எல்லாம் ஒன்று குறைவு. மேய்ப்பர் சங்கீதம் நமக்கு 23, அவர்களுக்கு 22. 113-ஐத் தாண்டியதும் இரண்டு சேர்வதும் ஒன்று பிரிவதுமாகக் குழம்பி, 148-இல்தான் இரண்டு வரிசையும் மறுபடி கைகோர்க்கும். மொத்தம் என்னவோ இரண்டிலும் 150.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. நம் வேதாகமத்தில் 54-ஐத் திறந்தால், அந்நியர் எனக்கு விரோதமாக எழும்பினார்கள் என்று புலம்பல். லத்தீன் 54 என்பது நம் 55. அதில் வருவதோ, என்னை நிந்தித்தவன் பகைவன் இல்லை, பகைவனாக இருந்தால் தாங்கியிருப்பேன், என் தோழனாகிய நீயல்லவா அது என்ற கதறல். ஒரே எண். ஒரு வரிசைப்படி வீரன், மற்றதன்படி நூலகத் துறவி! அந்த இடத்தில் எழுந்து நின்றே விட்டேன். இவ்வளவு அழகான பொறியை ஓர் எழுத்தாளர் வைத்திருக்கிறாரே என்று கொண்டாட்டம்.

ஒரு சின்ன உறுத்தல் மட்டும் இருந்தது. அக்காலத் துறவிகள் சங்கீதத்தைப் பெரும்பாலும் அதன் முதல் சொற்களால்தான் குறிப்பார்கள். பெனடிக்டின் விதிப்படி வாரத்துக்கு 150-ஐயும் பாடி முடிப்பவர்களுக்கு எண் எதற்கு? அதற்கும் நானே சமாதானம் கண்டுபிடித்தேன். லத்தீன் 54 தொடங்கும் ‘எக்ஸாவுதி தேயுஸ்’ (தேவனே, கேட்டருளும்) என்ற அதே சொற்களில்தான் 60-உம் 63-உம் தொடங்குகின்றன. சாகிற மனிதர் குழப்பம் வேண்டாமென்று எண்ணைக் கீறியிருப்பார். ஆசிரியருக்காக நான் வாதாடிய லட்சணம் இது.

270-ஆம் பக்கத்தில் ஓர் இளந்துறவி எழுந்து, “54-ஆம் சங்கீதம், 3-ஆம் வசனம்: அந்நியர்!” என்கிறார். வீரனைக் கட்டிப்போடுகிறார்கள். ஆசிரியர் தன் வீட்டு வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். பொறியும் இல்லை ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு வசன எண் வேறு. சங்கீதங்களுக்கு வசன எண் போடுவது 16-ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்களோடுதான் வழக்கத்துக்கு வந்தது. இளந்துறவி முந்நூறு வருஷத்துக்கும் மேல் முந்திக்கொண்டார்.

கோபத்தில் பின்னோக்கிப் புரட்டினேன். மூன்றாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது: இரவு படுக்கப்போகுமுன் துறவிகள் 91-ஆம் சங்கீதம் பாடுகிறார்கள். அவர்கள் கணக்கில் அது 90. அந்த ஒரு வரியைக் கவனித்திருந்தால் இந்த ஆசிரியர் எந்த எண் வரிசைக்காரர் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். தடயம் என் மூக்கின்கீழ் இருந்தது. ஆக, தவறில் எனக்கும் பங்கு.

இதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய முடிகிறதா என்றால், அதுவும் முடியவில்லை. மருத்துவத் துறவி பாத்திரம் அப்படி. விசாரணையைத் தொடங்கியவரே அவர்தான். நடுவில் ஒரு காலை சிலருக்குப் பாவசங்கீர்த்தனம், அதாவது ரகசியப் பாவ அறிக்கை, கேட்கிறார். மதியம் மடாதிபதியிடம் போய், காரணம் சொல்லாமல், விசாரணையிலிருந்து விலகிக்கொள்கிறார். கேட்டதை வெளியிடக்கூடாது என்பதை 1215-ஆம் ஆண்டு லாத்தரன் திருச்சபைச் சங்கம் கண்டிப்பான சட்டமாக்கியது. அதற்கு முன்பே 1140 வாக்கில் கிரேஷியன் தொகுத்த திருச்சபைச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே இந்த இடம் வரலாற்றிலும் நிற்கிறது. அதன்பின் எட்டு அத்தியாயங்கள் அந்த மனிதர் மூலிகை இடிக்கிறார், கட்டு மாற்றுகிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. தெரிந்தும் சொல்லக்கூடாதவனின் மௌனத்தை இவ்வளவு பொறுமையாக எழுதியவர், ஏன் 54-இல் சறுக்கினார்?

குறை இன்னொன்று: ஜெபங்கள். 12-ஆம் நூற்றாண்டுத் துறவி வாய்விட்டு ஜெபித்தால் இன்றைய ஜெபக்கூட்டம் போலவே ஒலிக்கிறது. வீரன் பிடிபட்ட பிறகு இரண்டு பக்கப் பிரசங்கம், அடுத்த பக்கத்தில் மனந்திரும்புதல். விசுவாசக் கதை என்று தெரிந்துதான் வாங்கினேன், மன்னிப்பு வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கொஞ்சம் வியர்த்து வரலாமே.

இது பழைய பிரதி. மெழுகுப் பலகை வரும் பக்கத்தின் ஓரத்தில் முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் ‘55?’ என்று எழுதியிருக்கிறார். 270-இல் தாள் கிழியும் அளவுக்கு ஓர் ஆச்சரியக்குறி. மின்நூலில் இந்தத் துணை கிடைக்காது.

இன்னும் 38 பக்கம் பாக்கி. அதற்குள் இரண்டாம் பாகத்தை எடுத்துப் பிரித்தாகிவிட்டது, அதே மருத்துவத் துறவிக்காக. இந்த முறை கதைக்குள் போகுமுன் சங்கீத எண்களை மட்டும் ஒரு சுற்றுத் தேடிக் குறித்துக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே மேய்ப்பர் சங்கீதம் வருகிறது. 23 என்று.