கார்டு இல்லாத கிரைண்டர்

"கிரைண்டர் வாங்கி வந்திருக்கிறேன்" என்றதும் என் மனைவி அடுப்படியிலிருந்து முகம் மலர வந்தாள். பையைத் திறந்து பார்த்தாள். மாவாட்டும் கிரைண்டர் அல்ல, இரும்பு அறுக்கும் கிரைண்டர் என்று தெரிந்ததும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள். மதுரை திலகர் திடல் ஞாயிறு சந்தையில் 650 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிய பழைய 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் அது. என் வீட்டுப் பட்டறையின் முதல் மின்கருவி. முதலில் வாங்கியிருக்கவே கூடாததும் அதுதான்.

சமையலறையில் ஓர் அலமாரி அடிக்க வேண்டும். ஆசாரியிடம் சொல்லி மூன்று வாரம் காத்திருந்தேன். "சித்திரைத் திருவிழா முடியட்டும் சார்" என்றார். திருவிழா முடிந்தது, அழகர் மலைக்கே திரும்பிவிட்டார், ஆசாரி வரவில்லை. திருநகரில் எங்கள் வீட்டின் பின்புறம், துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இருக்கிறது. அதில் ஒரு பழைய மேசையைப் போட்டு நானே இறங்கிவிட்டேன்.

வாங்கும்போதே கிரைண்டரில் கார்டு இல்லை. சக்கரத்தின் பாதியை மூடியிருக்கும் அந்தத் தகட்டைக் கழற்றினால்தான் அறுப்பது கண்ணுக்குத் தெரியும் என்று பலரும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நானும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. பேரத்தில் 50 ரூபாய் குறைக்க அது ஒரு சாக்காக உதவியது, அவ்வளவுதான்.

பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தை அறுத்து அலமாரிக்குத் தாங்கிகள் செய்வது திட்டம். சட்டத்தின் இரு முனைகளையும் இரண்டு செங்கல்மேல் வைத்து, நடுவில் அறுக்க ஆரம்பித்தேன். முக்கால்வாசி அறுந்திருக்கும். திடீரென்று கிரைண்டர் கையை உதறியது. 'டப்' என்று ஒரு சத்தம். சக்கரத்தின் ஓரத்தில் பிறை நிலா அளவுக்கு ஒரு துண்டைக் காணோம். தேடினேன். என் இடது காதுக்கு நேர் பின்னால் இருந்த நீல நிறத் தண்ணீர் டிரம்மில் அது குத்தி நின்றது. விரலால் இழுத்தேன், வரவில்லை. குறடு வைத்துப் பிடுங்கியதும் அந்த ஓட்டை வழியே தண்ணீர் நூலாக ஒழுகியது. அன்று என் கண்ணுக்கு இருந்த பாதுகாப்பு, பேப்பர் படிக்கிற மூக்குக் கண்ணாடி.

அந்த வாரம்தான் ஆசாரி வந்து சேர்ந்தார், வேலைக்கு அல்ல, கல்யாணப் பத்திரிகை வைக்க. நடந்ததைச் சொன்னேன். அறுந்த சட்டத்தை எடுத்து அதே செங்கற்கள்மேல் வைத்து, நடுவில் விரலால் அழுத்திக் காட்டினார். "பாருங்கள் சார், இரண்டு முனையும் தாங்கலில் இருந்தால் நடு தொய்யும். அறுத்த வாய் மூடிக்கொண்டு சக்கரத்தைக் கவ்வும். ஒரு பக்கத்தை மேசையோடு இறுக்கிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பக்கத்தை அறுங்கள். அறுக்க அறுக்க அது கீழே தொங்கும், வாய் தானாகத் திறக்கும்." மூன்று வாரக் கோபம் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் போய்விட்டது.

பிறகு அவர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தைக் காட்டினார். அதில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீல் என்பது அரைக்கும் துகள்களைப் பிசினால் ஒட்டிச் செய்த அப்பளம். அந்தப் பிசின் ஈரம் பட்டும் நாள்பட்டும் வலுவிழக்கும் என்பதால், பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. கிரைண்டரோடு இலவசமாகக் கிடைத்ததே என்று நான் மகிழ்ந்திருந்த சக்கரத்தின் கெடு 2019இல் முடிந்திருந்தது. அதன் முகத்தில் வேகமும் எழுதியிருக்கும். 4 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 15,300 சுற்று வரை தாங்கும். கிரைண்டர் சுற்றுவது ஏறக்குறைய 11,000. 7 அங்குலச் சக்கரம் தாங்குவதோ 8,500 சுற்றுதான். பெரிய சக்கரம் மாட்டினால் ஆழமாக அறுக்குமே என்று கார்டு இல்லாத சின்னக் கிரைண்டரில் அதை மாட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு எண்களைப் படித்த பிறகு அவர்கள் பக்கத்தில் நிற்க எனக்குத் துணிவில்லை.

இத்தனைக்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை, புதுச் சக்கரம், சுற்றி மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, சட்டம் கிளாம்பில் இறுக்கம், எல்லாம் சரி. விரல் வலிக்கிறதே என்று சுவிட்சைப் பூட்டும் பொத்தானைத் தள்ளிவிட்டிருந்தேன். பாதி அறுப்பில் கரண்ட் போய்விட்டது. கிரைண்டரை மேசைமேல் வைத்துவிட்டு மோர் குடிக்க உள்ளே போனேன். பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. சாய்ப்பில் தட்டுமுட்டுச் சாமான் உருளும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், யாரும் தொடாத கிரைண்டர் தானாகச் சுற்றி, மேசையிலிருந்து குதித்து, வயர் நீளத்துக்குத் தரையில் துள்ளிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். அங்கே பூனை படுத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. நல்ல வேளையாக அன்று அது இல்லை. மின்சாரம் போய் வந்தாலும் தானாக ஓடாத வகைக் கிரைண்டர்கள் இருக்கின்றன, கையை எடுத்தால் நின்றுவிடும் துடுப்பு சுவிட்ச் வைத்தவையும் இருக்கின்றன. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் வாட்ஸைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும்.

டிரில்லாவது ஒழுங்காக வாங்குவோம் என்று தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்னால், "எதில் துளை போடப்போகிறீர்கள், செங்கலிலா கான்கிரீட்டிலா?" என்று கேட்டார். "சுவரில்" என்றேன். சிரித்துக்கொண்டே 13 மில்லிமீட்டர் சக் (துளையிடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ள இம்பாக்ட் டிரில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செங்கல் சுவரில் அது வெண்ணெயாக இறங்கியது. மனைவி அப்படியே ஜன்னலுக்குத் திரைக் கம்பியும் மாட்டிவிடச் சொன்னாள். ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல், அதாவது கான்கிரீட். பத்து நிமிடம் அழுத்தினேன்; டிரில் கதறியது, பிட்டின் நுனி நீலம் பாரித்தது, சுவரில் விழுந்தது ஒரு அம்மைத் தழும்பு. இம்பாக்ட் டிரில்லின் தட்டல் இரண்டு பல்சக்கரங்கள் உரசி வருவது. நாம் அழுத்துகிற அழுத்தம்தான் அதற்குப் பலம். கான்கிரீட்டுக்கு வேண்டியது ரோட்டரி ஹாமர் என்ற வேறு வகை டிரில். அதில் உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிறது. நாள் வாடகைக்கு ஒன்றை எடுத்து வந்தேன், 6 மில்லிமீட்டர் துளைகள் நான்கும் இரண்டு நிமிட வேலை. வருடத்துக்கு இரண்டு முறை லிண்டலைத் தொடுகிறவருக்கு வாடகை போதும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள். சுவருக்குள் வயர் அந்த வழியாகத்தான் பெரும்பாலும் போகும். எங்கள் வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டது இந்தச் சமயத்தில்தான். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அமுக்கிப் பார்க்கிறேன். எக்ஸ்டென்ஷன் வயரையும் சுருளாக வைத்து ஓட்டுவதில்லை, முழுதாகப் பிரித்துவிடுகிறேன். சுருளுக்குள் சூடு தங்கி ரப்பர் இளகிய வாடையை ஒரு தரம் முகர்ந்தாயிற்று.

பலகை அறுக்க, கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடு மாட்டலாமா என்று ஆசாரியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பத்திரிகைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் ஜிக்சா வாங்கினேன். மெதுவானதுதான், கோடும் கொஞ்சம் வளையும். அதன் பிளேடு மேல்நோக்கி வரும்போது அறுப்பதால் சிராய் மேல்பக்கம் எழும்பும். ஆகவே பிளைவுட்டின் அழகான முகத்தைக் கீழே கவிழ்த்து வைக்க வேண்டும். முதல் பலகையில் தெரியாமல் நேராக வைத்து அறுத்தேன். அந்தப் பலகை இப்போது அலமாரியின் மேல்தட்டில், யார் கண்ணுக்கும் படாத உயரத்தில் இருக்கிறது.

சாய்ப்பில் இப்போது லுங்கி, தோள் துண்டு, முழுக்கைச் சட்டை எதுவும் கிடையாது. டிரில் பிடிக்கும்போது கையுறையும் போடுவதில்லை. துணியின் ஒரு நூல் சிக்கினால் விரலையும் சேர்த்துச் சுற்றிவிடும்.

கார்டும் துடுப்பு சுவிட்சும் உள்ள புதுக் கிரைண்டர் வந்த பிறகு, பழையதை ஞாயிறு சந்தையிலேயே விற்றிருந்தால் முந்நூறு ரூபாயாவது கிடைத்திருக்கும். வயரை அடியோடு நறுக்கி, பிளக்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். தொண்ணூறு ரூபாய் கொடுத்தார்கள். நீல டிரம்மின் ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்தாயிற்று.