ஒரு டப்பா பெல்லட், மூணு கிண்ணம்
ஞாயித்துக்கிழம மத்தியானம், பாளையங்கோட்டையில வெயிலு மண்டைய பொளக்குது, நான் திண்ணையில வெள்ள வேட்டிய விரிச்சு 500 ஏர் ரைஃபிள் பெல்லட்டையும், அதான் காத்துத் துப்பாக்கில போடுத குட்டி ஈயக்குண்டு, கொட்டி ஒவ்வொண்ணா நகைத்தராசுல நிறுத்துக்கிட்டு இருக்கேன். டப்பாவுல 0.53 கிராம்னு போட்டிருக்கு, ஆனா 0.52ம் வருது 0.54ம் வருது, அதுக்குத்தான் மூணு கிண்ணம். எடைய விட முக்கியம் பாவாடை மாதிரி விரிஞ்சிருக்க பின்பக்கம், அது நசுங்கியிருந்தா காத்து சமமா தள்ளாது, குண்டு விலகிரும், கண்ணாடி மேல உருட்டிப் பாத்தா தள்ளாடுறது தெரிஞ்சிரும். 10 மீட்டர் தள்ளி இருக்க இலக்குல நடுவுல இருக்க பத்துப் பாயிண்ட் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர் மக்கா! ஆச்சி வந்து "ஏல, சோப்பு போட்டு கழுவாம சோத்துல கைய வைக்காத"ன்னு சொல்லிட்டு போறாவ. சரியாத்தான் சொல்லுதாவ, ஈயம்லா. காலையில நடுக்கிண்ணத்த எடுத்துக்கிட்டு சுடுத ரேஞ்சுக்கு போணும்.