அட்டையின் பின்பக்கம்

பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ உதவியாளராகச் சேர்ந்து ஆறாம் வருடம் என்னை வாகனப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதுவரை நிதிப் பிரிவில் வவுச்சர் பார்த்தவன். புது மேசையில் ஓட்டக் குறிப்பேடுகள், எரிபொருள் ஓடர் புத்தகம், காப்புறுதிக் கோப்பு எல்லாம் இருந்தன. பக்கத்துச் சுவரில் சாவிகள் தொங்கும் பலகை. நாளைக்கு எந்த வாகனம் எங்கே போகிறது, யார் ஓடுகிறார் என்று இன்றைக்கே பட்டியல் போட வேண்டும். வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சாரதிகளின் அனுமதிப்பத்திரங்களை வாங்கிப் பார்த்ததும் முதல் வாரத்திலேயே. முன்பக்கத்தில் படம், பெயர், திகதி எல்லாம் சரி. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அது என்னுடைய பிழை. வேறு யாரையும் அதில் சேர்க்க முடியாது.

மூன்று மாதம் கழித்து, கடைசி வருட மாணவர்களின் களப்பயணம் அநுராதபுரத்துக்கு. இருபத்து நான்கு பிள்ளைகள், இரண்டு விரிவுரையாளர்கள், 28 ஆசனமுள்ள பஸ், காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. முதல் நாள் பின்னேரம் பஸ் ஓடும் சாரதிக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். நான் பதறவில்லை. வான் ஓடும் அண்ணை இருக்கிறாரே என்று அவருக்குப் போன் எடுத்தேன். பதினேழு வருட அனுபவம். கந்தளாய், ஹபரணைப் பக்கம் யானை நிற்கும் இடம் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

“தம்பி, பஸ் ஓட எனக்கு ஏலும். ஆனா என்ர லைசன்ஸ் காட்டில டி1 இல்லை” என்றார்.

எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. “ஒரு நாள்தானே அண்ணை, சின்ன பஸ்தானே” என்று கேட்டேன்.

“நீங்க சின்ன பஸ் எண்டு பாக்கிறது நீளத்தை. சட்டம் எண்ணுறது சீட்டை.”

நான் கொஞ்சம் கோபமாகவே போனை வைத்தேன். அவர் வேலைக்குப் பின்வாங்குகிறார், மேலதிக நேரம் போதாது என்று நினைக்கிறார் என்றெல்லாம் மனதுக்குள் ஓடியது. அடுத்த நாள் விடியப்புறம் நான் அலுவலகத்துக்குப் போனால், அண்ணை எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நிற்கிறார். யாரும் கூப்பிடவில்லை. பிள்ளைகளிடம் பயணம் இல்லை என்று சொல்ல நான் தனியே நிற்கக் கூடாது என்று வந்திருந்தார். பிள்ளைகள் சாப்பாட்டுப் பார்சலோடு வந்திருந்தார்கள். பயணம் ஒரு கிழமை பின்போனது. விரிவுரையாளர் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அண்ணை அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். பின்பக்கம் ஒரு சின்ன அட்டவணை. வாகன வகை ஒவ்வொன்றுக்கும் படம், எழுத்து, கிடைத்த திகதி, முடியும் திகதி. பி வகைக்கு நேரே திகதி இருந்தது. டி1க்கு நேரே வெறுமை.

அதற்குப் பிறகுதான் நான் படித்தேன். இலங்கையில் இதற்கு அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். இப்போதுள்ள வகைப் பிரிப்பு 2009ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தத்தோடு வந்தது. மொத்த எடை 3,500 கிலோவுக்குள், சாரதியின் ஆசனத்தையும் சேர்த்து 9 ஆசனம் வரை என்றால் பி போதும். அதற்கு மேல் 33 ஆசனம் வரை ஆளேற்றும் பஸ்ஸுக்கு டி1. 33ஐத் தாண்டினால் டி. லொறிக்கு 3,500 கிலோவிலிருந்து 17,000 கிலோ வரை சி1, அதற்கு மேல் சி. எங்கள் 28 ஆசன பஸ் தெளிவாக டி1. பல்கலைக்கழக பஸ் வாடகைக்கு ஓடுவதில்லை, ஒருவரிடமும் டிக்கெட் காசு வாங்குவதில்லை. ஆனாலும் கணக்கு மாறாது. பஸ் யாருடையது என்று சட்டம் கேட்பதில்லை, பின்னால் எத்தனை பேர் இருக்க முடியும் என்றுதான் கேட்கிறது.

இதை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் என் மச்சானிடம் சொன்னேன். அங்கேயும் இதே குழப்பம்தானாம். அங்கே அதன் பெயரே கொமர்ஷல் லைசன்ஸ். பெயரைக் கேட்டவுடன் காசுக்கு ஓடுகிறவர்களுக்கு மட்டும் என்று ஊழியர்கள் நினைத்துவிடுகிறார்கள். சாரதியோடு சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ இருக்கக்கூடிய வாகனம் என்றால், மாணவர் விளையாட்டு அணியை ஏற்றிப் போனாலும் அது வேண்டும், பயணிகளை ஏற்றுவதற்கான தனி அனுமதியும் சேர வேண்டும். அப்படி ஓடுகிற ஊழியர்களை முன்னறிவிப்பு இல்லாமல் மது, போதைப்பொருள் சோதனைக்குக் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னான். அந்தச் சோதனை எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது பிள்ளைகளின் தாய் தகப்பன் சார்பில் யாரோ ஒருவர் கேட்கத்தானே வேண்டும்.

அண்ணை அன்றைக்கு ஏன் அவ்வளவு உறுதியாக நின்றார் என்று பிறகொரு நாள் கேட்டேன். இளம் வயதில் அவர் லொறியில் கிளீனராக இருந்தவர். கந்தளாய்ப் பாதையில் அவருக்குத் தெரிந்த இன்னொரு லொறியில், சாரதி நித்திரை தூங்க, கிளீனர் ஓடிக்கொண்டு போய்க் குடை சாய்த்துவிட்டான். “நல்லா ஓடுறவன்தான் தம்பி அவன்” என்றார். அந்த வசனத்தை இரண்டு தரம் சொன்னார். உரிய அனுமதி இல்லாதவன் ஓடினதால் காப்புறுதி வரவில்லை. லொறி முதலாளி கடனில் விழுந்தார். கிளீனர் மறியலுக்குப் போனான்.

நான் கேட்டுக்கொண்டிருந்தபோது மனதில் வந்தது குறிஞ்சாக்கேணி. 2021 நவம்பரில் அங்கே மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்ததை எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அது தண்ணீர், இது தார் ரோட்டு. ஆனால் ‘ஒரு நாள்தானே’ என்று நான் போனில் சொன்னேனே, அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகு ஞாபகம் வருகிறது.

சரி, அண்ணைக்கே டி1 எடுப்போம் என்று தொடங்கினோம். டி1 போன்ற கனரக வகைக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும், இலகு வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். உயரமும் பார்ப்பார்கள், 4 அடி 10 அங்குலம் வேண்டும். இதெல்லாம் அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. அவர் பயந்தது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் மருத்துவச் சான்றிதழுக்கு. கண்ணில் ஏதாவது சொல்லிவிட்டால் இருக்கிற வானும் போய்விடுமோ என்று பதினேழு வருடமும் டி1 பக்கமே போகவில்லையாம். இதை அவர் வாய்விட்டுச் சொல்ல எனக்கு நான்கு தேத்தண்ணீர் செலவானது. கடைசியில் கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இரவில் எதிரே வரும் வெளிச்சம் இப்போது உடைந்து தெரிவதில்லை என்று சந்தோஷப்பட்டார்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதினார். செய்முறைக்கு ஒரு சாரதிப் பயிற்சிப் பாடசாலையின் பஸ். அந்த நாட்களுக்கு அவர் சொந்த லீவைப் போட்டார். மேலதிக நேரமும் போனது, கட்டணமும் அவருடைய பையிலிருந்துதான். இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், தன் பஸ்ஸை ஓட ஒரு ஊழியர் தகுதி எடுக்கிறார் என்றால், அந்த நாட்களைக் கடமை நாட்களாக எண்ண வேண்டும், கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். விரிவுரையாளர் பயிற்சிக்குப் போனால் அப்படித்தானே செய்கிறார்கள். சாரதிக்கு மட்டும் அது ஏன் சொந்த விஷயமாகிறது? இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது என் மேசையில் ஒரு தனிக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு சாரதிக்கும் ஒரு பக்கம், அட்டையின் இரண்டு பக்கத்துப் பிரதியும் ஒட்டியிருக்கிறேன். இலகு வகைக்கு 8 வருடம், கனரகத்துக்கு 4 வருடம் என்பதால் ஒரே அட்டையில் இரண்டு முடிவுத் திகதி இருக்கும். ஒன்றைப் பார்த்து மற்றதை மறப்பது மிக இலகு. கனரகத் திகதியைச் சிவப்பில் எழுதி, ஆறு மாதம் முன்னாலேயே ஆளிடம் சொல்லிவிடுவேன். பட்டியல் போடும்போது வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஆசனம் எத்தனை என்று பார்த்து, அப்புறம்தான் பெயர் எழுதுவேன்.

அண்ணை டி1 எடுத்த பிறகு ஓடிய முதல் நீண்ட பயணம் மட்டக்களப்புக்கு. கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரப் பாதை. 2009இல் அந்தப் பாலம் திறக்க முன்னர் அந்தப் பாதையில் அடுத்தடுத்து எத்தனை படகுத் துறையில் இறங்கி நின்றோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனாராம். அதைப் பிள்ளைகள்தான் வந்து சொன்னார்கள்.

போன கிழமை தோட்டப் பகுதிக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் ட்ரெக்டர் சாவி கேட்டு வந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஜி வகைக்கு நேரே ஒன்றும் இல்லை. “வளவுக்குள்ளதானே அண்ணை” என்றார். கதிரையை இழுத்து அவரை இருக்கச் சொன்னேன்.