நியூ ஆல்பியன்: ஆறே வருஷம் ஓடின பீர் கம்பெனி

ஜாக் மெக்காலிஃப்னு ஒரு ஆளு, அமெரிக்க நேவில வேலை பாத்துட்டு ஸ்காட்லாந்துல இருந்தப்ப அங்க கெடைக்கிற ஏல், ஸ்டவுட் மாதிரி பீர் வகையெல்லாம் குடிச்சுப் பழகிட்டாரு, ஊருக்குத் திரும்பி வந்தா எங்க பாத்தாலும் பெரிய கம்பெனிங்களோட ஒரே மாதிரி தண்ணி பீரு. சரி நாமளே காய்ச்சுவோம்னு 1976ல கலிஃபோர்னியா சோனோமால நியூ ஆல்பியன் ஆரம்பிச்சாரு, கூட ரெண்டு பொண்ணுங்க பார்ட்னரு.

சின்னதா காய்ச்ச மெஷின் எவன் விப்பான்? பழைய பால் பண்ணை சாமான், கோகோ கோலா சிரப் வந்த டிரம்மு, இதெல்லாம் வாங்கி அவரே வெல்டிங் பண்ணி செட் பண்ணிருக்காரு. எனக்கு இந்தக் கதைல ரொம்பப் புடிச்சதே இந்த டிரம்முதான்.

பேரு கெடைச்சுது, காசு நிக்கல. பெருசாக்க கடன் கெடைக்காம 1982ல மூடிட்டாரு. சாமானெல்லாம் ஹாப்லண்டுல மென்டோசினோ ப்ரூயிங்ங்கிற இன்னொரு பீர் கம்பெனிக்குப் போச்சு, பீர புளிக்க வைக்கிற ஈஸ்ட்டும் கூடவே.

அப்புறம் சாமுவேல் ஆடம்ஸ் பீர் பண்ற ஜிம் கோக் 2013ல நியூ ஆல்பியன்ங்கிற அதே பேர்ல திரும்ப பீர் விட்டு, லாபத்த மெக்காலிஃபுக்கே குடுத்துட்டாரு. முப்பது வருஷம் லேட்டு, ஆனாலும் பெரிய மனசுதான்.